நூலுக்கென்று வந்த குளிர்

வெளியூர் நண்பர்கள் அவிநாசிபாளையத்தை அவிநாசியோடு குழப்பிக்கொள்வது வழக்கம். அவிநாசி திருப்பூருக்கு வடக்கே, பெரிய கோயிலும் தேரும் உள்ள ஊர். அவிநாசிபாளையம் தெற்கே, கோவையிலிருந்து பல்லடம், காங்கயம், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும் திருப்பூர் - தாராபுரம் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நால்ரோடு. இரண்டு ஊர்களையும் திருப்பூர் வழியாக இணைக்கும் சாலைக்கு இப்போது 381 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நால்ரோட்டைத் தாண்டினால் தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, தறிக்குடோன், பஞ்சுக்குடோன். வேலி முள்ளில் எப்போதும் ஏதோ ஒரு வெள்ளைப் பிசிறு தொங்கிக்கொண்டிருக்கும். எந்தச் செடியிலிருந்தும் வந்ததல்ல அது. பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் துணியைப் பிரித்து மறுபடியும் பஞ்சாக்கும் கொட்டகைகளிலிருந்து வருவது.

என் தாய்மாமன் வீடு அப்படியொரு கொட்டகையின் மதில்சுவரை ஒட்டி இருக்கிறது. மதிலோரம் ஒரு வேப்பமரம். அதன் நிழலில்தான் அவருடைய கார் நிற்கும். பதினொரு வருடம் ஓடிய சிறிய கார். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று வருடங்களாகின்றன. வாரத்துக்கு இரண்டு முறை திருப்பூருக்கு டயாலிசிஸ் செய்யப் போக வேண்டும். அவருடைய மகன் ஓசூரில் வேலையில் இருப்பதால், 2024 மார்ச் முதல் அவரை அழைத்துப் போய்வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. காரும் என்னிடம் வந்தது. காரோடு அதன் ஏசி பழுதும் வந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களோடு பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. அவர்களை வதைப்பது ஊசியைவிட அதிகமாகத் தாகம்தான். குடிக்கும் நீர் வெளியேற வழியில்லை. அடுத்த டயாலிசிஸ் வரை அது உடம்பிலேயே தங்கும். காலில் வீங்கும், நுரையீரலில் கோக்கும், இதயத்தை அழுத்தும். ஆகவே மருத்துவர் அளந்து கொடுக்கிறார். மாமாவுக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. காபி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அத்தை காலையில் ஒரு சொம்பில் அளந்து வைத்துவிடுவார். சித்திரை வெயிலில் ஒரு மனிதனின் முழு நாளும் அந்தச் சொம்புக்குள் இருந்தது. அந்த ஏப்ரலில் ஈரோட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒன்றிரண்டு டிகிரி குறைவு, அவ்வளவுதான். வெயிலில் வியர்த்து வீடு திரும்பும் நாட்களில் சொம்பு மதியத்துக்குள் காலியாகிவிடும். காரின் ஏசி அந்த வீட்டில் சொகுசுக் கணக்கில் வரவில்லை. மாத்திரைக் கணக்கில் வந்தது.

பழுது விசித்திரமானது. நால்ரோட்டைத் தாண்டித் திருப்பூர் சாலையில் வேகம் பிடித்தால் நல்ல குளிர் வரும். கோவில்வழி வந்து நகர நெரிசல் தொடங்கியதும் குளிர் மெல்ல மெல்லக் குறையும். நொய்யல் பாலத்தருகே வண்டி நின்று நின்று நகரும்போது வெறும் காற்றுதான் வரும், அதுவும் வெதுவெதுப்பாக. ‘கோயில்வழி வரைக்கும் மார்கழி, அதுக்கப்பறம் சித்திரை’ என்பார் மாமா.

மகன் ஊரில் இருந்தபோது ஒரு பட்டறையில் இரண்டு முறை ‘கேஸ் டாப்-அப்’ செய்திருந்தார்கள். முதல் தடவை 1,800 ரூபாய், இரண்டாம் தடவை 2,200. இரண்டு தடவையும் ஒரு வாரத்துக்குப் பரவாயில்லை என்று தோன்றி, பிறகு பழையபடி ஆகிவிட்டது. மூன்றாம் தடவை போனபோது கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு காரின் முன்பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மாதத்துக்கு எட்டு, ஒன்பது டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பத்தில் 28,000 ரூபாய் என்ன பொருள்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொறியியல் படித்தவன் அல்ல நான். ஆனால் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று படிப்பதில் விருப்பம் உண்டு. அந்தச் சீட்டைப் பார்த்ததும் எழுந்த கேள்வி எளிமையானது. கம்ப்ரசர் போயிருந்தால் நெடுஞ்சாலையில் மட்டும் எப்படிக் குளிர்கிறது?

காரின் ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. நம் வீட்டு மண்பானையும் அதைத்தான் செய்கிறது. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. பானையிலிருந்து போன ஆவி திரும்பி வராது. ஏசியில் அந்த ஆவியைத் துரத்திப் பிடித்து, அழுத்தி, மறுபடி நீர்மமாக்கி, திரும்பவும் ஆவியாக அனுப்புகிறார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டரில் அது ஆவியாகிறது. இன்ஜினோடு சுற்றும் கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அது வெப்பத்தைக் கக்கி நீர்மமாகிறது. ஒரு வடிகட்டி, ஒரு சிறிய வால்வு. இவ்வளவுதான். உள்ளே ஓடுவது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தில் வைத்தால் 60 டிகிரி சூட்டிலும் நீர்மமாக மாறும். அந்த இரண்டு குணங்களுக்கும் இடையில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

இது மூடிய வட்டம். பெட்ரோல்போல இந்த வாயு செலவாவதில்லை. பல வருடங்களில் ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் அச்சுமுனை வழியாகவும் சிறிது கசியலாம். ஒரே வாரத்தில் தீர்ந்துபோகுமென்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும், ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது வீண். ஓட்டை இல்லையென்றால் நிரப்புவதே தவறு. டாப்-அப் என்ற பண்டம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை அழுத்தமானி சரியாகச் சொல்லாது. வண்டி நிற்கும்போது, உள்ளே கொஞ்சம் நீர்மம் இருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 35 டிகிரி வெயிலில் 114 பி.எஸ்.ஐ. அருகே காட்டும், கால் கிலோ இருந்தாலும் அரைக் கிலோ இருந்தாலும். அளவை அறிய ஒரே வழி மொத்தத்தையும் வெளியே எடுத்துத் தராசில் நிறுப்பது. நகைக்கடையில் கண்ணால் பார்த்துத் தங்கத்தின் எடையைச் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வோமா?

வாயு ஓடும் குழாய்களைத் திறக்காமல் வீட்டில் என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினேன். வேப்பமர நிழலிலேயே 37 டிகிரி. ஏசி துவாரத்தில் சமையலறை வெப்பமானி ஒன்றைச் செருகினேன். ஏசியைப் போட்டதும் கம்ப்ரசரின் கிளச் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. அச்சு சுற்றியது. முகப்பு விசிறி ஓடியது. பட்டறைச் சீட்டின்படி செத்துப்போன கம்ப்ரசர் இந்த அளவுக்கு உயிரோடு இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் துவாரத்தில் 19 டிகிரி. பிறகு கம்ப்ரசர் தானாக நின்றது. அரை நிமிடத்தில் மறுபடி ஒட்டியது.

ஃபிரிட்ஜ், ஏசி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தம் அழுத்தமானிகளைக் கொண்டுவந்திருந்தார். நீலக் குழாய் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தத்துக்கு. அதைப் பொருத்துவது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நீர்மமாகப் பீறிட்டால் தோலை உறையவைத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அவர் கண்ணாடியும் கையுறையும் அணிந்தபிறகே பொருத்தினார். தாழ்ந்த பக்கம் 58 பி.எஸ்.ஐ., உயர்ந்த பக்கம் 340. உயர்ந்த பக்கத்து முள் ஏறிக்கொண்டே போய், பாதுகாப்புச் சுவிட்ச் கம்ப்ரசரைத் துண்டித்ததும் சரிந்தது. அந்த வெயிலுக்கு 40-க்குள்ளும் 250-க்குள்ளும் இருக்க வேண்டியவை அவை. நண்பர் உதட்டைப் பிதுக்கினார். கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் உயர்ந்த பக்கம் ஏறவே ஏறாது. இங்கே கம்ப்ரசர் தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தது. 340 பி.எஸ்.ஐ. என்றால் கண்டென்சருக்குள் வாயு ஏறக்குறைய 76 டிகிரியில்தான் நீர்மமாகிறது என்று பொருள். 60-ஐ ஒட்டி ஆக வேண்டியது. வெப்பம் போக இடமில்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

வேகமாகப் போகும்போது குளிர்வதற்கும் நிற்கும்போது குளிராததற்கும் பெரும்பாலும் இதுதான் விளக்கம். ஓட்டத்தில் எதிர்க்காற்று கண்டென்சரைத் துளைத்துக்கொண்டு போகிறது. நிற்கையில் விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். விசிறி சரியில்லை என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டினோம்.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஃபேன் ஓடுதா கண்ணு?”

“ஓடுதுங்க மாமா.”

“ஓடும். எங்க மில்லுலயும் ஓடத்தான் ஓடும். காத்து போகுதான்னு பாரு. பேப்பரை வெச்சுப் பாரு.”

மாமாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் முப்பத்தோரு வருடம் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். நூற்பு மெஷின்களில் அல்ல, ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில். ஆலையில் அதை எச்-பிளாண்ட் என்பார்கள். பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். வணிகத்தில் பருத்திக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். காற்று உலர்ந்துபோனால் இழை முறுகி அறுகிறது, உராய்வில் மின்னேற்றம் உண்டாகி உருளையில் சுற்றிக்கொள்கிறது, பிசிறு பறக்கிறது. ஈரம் மிஞ்சினாலும் ஒட்டும். ஆகவே நூற்புக் கூடத்துக் காற்றைச் சலித்து, நீர்த்தூவலில் நனைத்து, வேண்டிய ஈரத்தோடு மறுபடி கூடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்வது எச்-பிளாண்ட். சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஈரப்பதத்தைச் சொல்வார் மாமா. மணிக்கொரு தரம் பதிவேட்டில் எழுதுவார். ஆனால் அவருடைய வேலையில் பெரும்பகுதி அந்தக் கணக்கு அல்ல. திரும்பி வரும் காற்றோடு வரும் பஞ்சுத் தூசியை வடிகட்டியிலிருந்து வழித்து எடுப்பதுதான். “வழிக்காம உட்டா ஃபேன் சும்மா சுத்தும். சத்தம் மட்டும் வரும்” என்றார்.

இந்த இடத்தில் நான் படித்து வியந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியாது. ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லே ஒரு பருத்தி ஆலைக்காரரின் கொடை. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திர அமைப்பை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியாமல் போனது அங்கே பிரச்சினை. நவீன குளிர்சாதனத்தின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் பெயர் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரைச் சேர்ந்தவர், பருத்தி ஆலைகளை வடிவமைத்தவர். நூலை ஈரமேற்றிப் பதப்படுத்துவதை ஆலைகளில் ‘கண்டிஷனிங்’ என்பார்கள். திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளில் இன்றும் அந்தச் சொல் புழங்குகிறது. நூலைப் பதப்படுத்துவதுபோலக் காற்றைப் பதப்படுத்துவது என்ற பொருளில் 1906இல் கிரேமர் அதை ஏர் கண்டிஷனிங் என்று அழைத்தார். காகிதத்துக்காகவும் நூலுக்காகவும் பிறந்தது இந்தத் தொழில்நுட்பம். மனிதன் அதற்குள் பிறகுதான் நுழைந்தான். அமெரிக்காவில் பாக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடலில்தான் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை விற்றது. அதில் கம்ப்ரசருக்குக் கிளச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கோடையில் வீட்டில் தூக்கம் வராமல், ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆலைக்குப் போய்விடுகிறவர்கள் உண்டாம். “நூலுக்கு உடற காத்துத்தான். மனுசன் ஓரமா நின்னு வாங்கிக்குவான்” என்றார். ஒரு வித்தியாசத்தையும் அவரே சுட்டினார். ஆலையில் அவர்கள் காற்றுக்கு ஈரம் ஏற்றினார்கள். காரின் ஏசி ஈரத்தை இறக்குகிறது. எவாப்பரேட்டரின் குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, ஒரு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். சொட்டினால் அந்த வடிகால் அடைபடவில்லை என்று அறியலாம். அன்றும் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் சொல்லவில்லை. அத்தை ஒரு குவளையைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிற்பாடு அதைச் செடிக்கு ஊற்றினார்கள்.

பேப்பர் சோதனைக்கு வருகிறேன். நாளிதழின் ஒரு தாளை முகப்புக் கம்பிவலையின்மேல் வைத்தால், விசிறி இழுக்கும் இழுப்பில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் வைத்த தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தோம். விழுந்தது. விசிறியின் ஓசையில் குறையில்லை. நண்பர் ஒரு பூவாளியில் நீர் மொண்டு கம்பிவலை வழியாகக் கண்டென்சர்மீது மெல்லத் தெளித்தார். சிவப்பு முள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 340-லிருந்து 240-க்கு இறங்கியது. துவாரத்தில் 19 டிகிரி 12 ஆனது. தண்ணீரை நிறுத்தினோம். முள் மறுபடி ஏறியது. 28,000 ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு பூவாளித் தண்ணீர் சொன்ன பதில் அது.

இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றினோம். முகப்பு விசிறி தானாகச் சுற்றத் தொடங்கக்கூடியது, விரலை வைத்துக்கொண்டு அதோடு விளையாடக் கூடாது. முன் பம்பரைக் கழற்ற ஒரு மணி நேரம். கண்டென்சரின் முன்பக்கம் ஓரளவு சுத்தமாகவே இருந்தது, பட்டறைக்காரர்கள் முன்னாலிருந்து நீர் பாய்ச்சியிருக்க வேண்டும். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. மேல் பிடிப்புகளைத் தளர்த்திக் கண்டென்சரைக் குழாய் வளையாத அளவுக்கு முன்னே சாய்த்தபோது உள்ளே தெரிந்ததை என்னவென்று சொல்வது? கம்பளித் துணிபோல ஒரு படலம். பஞ்சுப் பிசிறும், சாலைப் புழுதியும், வேப்பம்பூவும், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அமுங்கி, ரேடியேட்டரின் முகம் முழுவதும் ஒரே விரிப்பாக ஒட்டியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் அப்படியே உரிந்து வந்தது. மாமா அதைக் கையில் வாங்கிப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நிமிண்டிப் பார்த்தார். “சாயத் துணி கலந்திருக்குது. நீலம் பாரு. நாப்பது எம்.எம். இழையெல்லாம் இல்ல, அத்தனையும் வெட்டுப் பஞ்சு.” பக்கத்துக் கொட்டகையின் மதிலைப் பார்த்தபடி சொன்னார். அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலைப் பற்றி நான் யோசித்தேன். அவர்கள் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதை மதிலுக்கு மேலாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்வதில் அவசரம் உதவாது. கண்டென்சரின் அலுமினியச் சிறகுகள் நகம் பட்டால் மடங்குபவை. வண்டி கழுவும் நிலையங்களின் அழுத்த நீரைப் பாய்ச்சினால் அத்தனையும் படுத்துவிடும், அப்புறம் பஞ்சு இல்லாமலேயே காற்று போகாது. தோட்டத்துக் குழாயில் சாதாரண வேகத்தில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும்படி நீர் விட்டோம். இடையிடையே மென்மையான பெயின்ட் பிரஷ். மடங்கியிருந்த சிறகுகளை நண்பர் ஒரு சீப்பால் நிமிர்த்தினார். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த கேபின் ஃபில்டரையும் எடுத்தோம். அது வெள்ளையாக இருந்த காலம் எது என்று சொல்ல முடியவில்லை. புதியது 350 ரூபாய்.

மாட்டிப் பார்த்தபோது தாள் ஒட்டிக்கொண்டது. கம்ப்ரசர் இடையில் நிற்கவில்லை. ஆனால் உயர்ந்த பக்கம் 275, தாழ்ந்த பக்கம் 50. இன்னும் சரியில்லை. காற்று தாராளமாகப் போகும்போதும் இரண்டு பக்கமும் உயர்ந்தே இருந்தால் கேஸ் மிகுதியாக இருப்பதாகச் சந்தேகிக்கலாம் என்றார் நண்பர். இரண்டு முறை ஊற்றிய டாப்-அப் எங்கே போயிருக்கும்? உள்ளேயேதான் இருந்தது. இல்லாத குறைக்குக் கொடுத்த மருந்து தானே ஒரு நோயாக உட்கார்ந்திருந்தது.

எளிய வழி ஒன்று இருந்தது. வால்வின் ஊசியை அழுத்திக் கொஞ்சம் காற்றில் விட்டுவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நண்பர் மாட்டேன் என்றார். அவருடைய பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் ஃப்ரியான் என்று பெயர்பெற்ற வாயுவை அறிமுகப்படுத்தியபோது, அதைத் தாமே இழுத்து மூச்சாக ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சல்ல, தீப்பிடிக்காது என்று நிரூபிக்க. இரண்டும் உண்மைதான். 1974இல் மொலினாவும் ரோலண்டும் அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். கார்களில் பழைய ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும் ஆற்றலில் கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஏறத்தாழ 1,430 மடங்கு. 2016இல் கிகாலியில் இந்த வகையையும் குறைப்பதென்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021இல் அதை ஏற்புறுதி செய்தது. 2032இல் குறைக்கத் தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். வெயிலிலிருந்து தப்பிக்க நாம் காருக்குள் அடைத்துவைத்திருப்பது வெயிலை வளர்க்கும் வாயு.

ஆகவே வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு பட்டறைக்குப் போனோம். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில், அந்த வண்டிக்கு வேண்டிய அளவு 430 கிராம் என்று அச்சிட்டிருந்தது. இயந்திரம் உறிஞ்சி எடுத்து நிறுத்துக் காட்டியது 610 கிராம். 180 கிராம் மிகை. அதைக் காற்றில் விட்டிருந்தால் 257 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம், அதாவது சுமார் 110 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. மாமாவின் டயாலிசிஸுக்காகப் பல மாதங்கள் ஓடும் ஓட்டம் அது. அரை மணி நேரம் வெற்றிடத்தில் வைத்து ஈரத்தையும் காற்றையும் இழுத்துவிட்டு, முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்து, அதாவது கசிவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தராசில் நிறுத்து 430 கிராம் ஏற்றினார்கள். அந்த இளைஞர் அந்த எண்ணை எனக்குக் காட்டியபிறகே வால்வை மூடினார். உயர்ந்த பக்கம் 225, தாழ்ந்த பக்கம் 36, துவாரத்தில் 9 டிகிரி. கூலி 1,500. கம்ப்ரசர் இன்றுவரை அதே கம்ப்ரசர்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாமா சமையலறை வெப்பமானியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறினார். கோவில்வழியில் 9, நொய்யல் பாலத்தில் வண்டி பத்து நிமிடம் நகராமல் நின்றபோது 11. ஒவ்வொன்றையும் மருத்துவமனைக் கோப்பின் பின்னட்டையில் நேரத்தோடு எழுதினார், பதிவேட்டில் எழுதுவதுபோல. எடைபார்க்கும் மேடையில் ஏறியபோது முந்தைய டயாலிசிஸுக்குப் பிறகு கூடியிருந்தது ஒன்றே முக்கால் கிலோ. அதற்கு முந்தைய வாரம் இரண்டே முக்கால். இதில் ஏசியின் பங்கு எவ்வளவு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நர்ஸ் நல்லது என்றார். மாமா சொம்பில் இன்னும் நூறு மில்லி மிச்சம் இருப்பதாக அத்தைக்குப் போன் செய்தார்.

கார் இப்போது வீட்டின் மறுபக்கத்தில் நிற்கிறது. நிழல் இல்லை, பஞ்சும் அவ்வளவாக இல்லை. கொட்டகைக்காரரிடம் மதிலின்மேல் வலை கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றிருக்கிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலேயே தொடங்கிவிடும், ஆடியில் பஞ்சு எந்தத் திசையிலிருந்தும் வரும். மற்ற மாதங்களில் மாதத்துக்கு ஒரு முறையும் ஆடியில் இரண்டு முறையும் பேப்பர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாமா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.